முள் ஏறினால் கிளம்புகிறேன்

பார்ட்ஸ் கடைக்காரர் குலசேகரன் தூத்துக்குடி ஒர்க்‌ஷாப்புக்கே வந்து கத்தினார். "என் சரக்கைக் குறை சொல்ல இவ யாரு?"

இவள் என்றால் மெக்கானிக் பிலோமி. அவர் கடையில் வாங்கிய, ஸ்பிரிங்குக்குப் பதிலாக மாட்டும் காற்றடைத்த சஸ்பென்ஷன் உருண்டைகளை ஒரு பழைய வெளிநாட்டுக் காரில் மாட்டியிருந்தாள். கார் கட்டை வண்டியாகக் குதித்தது. உடனே லாரி ஜாக்கியோடு பிரஷர் மீட்டரை இணைத்து, தானே ஒரு டெஸ்டர் செய்தாள். ஜாக்கியால் ஆயிலை அடித்தால், உள்ளே காற்று இருக்கும் உருண்டைக்கு மீட்டர் முள் ஏறும்; காற்று போனதற்கு ஏறாது. வாங்கியதில் ஒன்றுக்கும் ஏறவில்லை.

"டெஸ்டரா இது? காயலான் கடைச் சாமான். மாட்டத் தெரியாதவ செஞ்சது," என்றார் குலசேகரன்.

முதலாளி மிக்கேல் பிலோமியை முறைத்தார்.

"டெஸ்டர் சரிதான் அண்ணாச்சி. உங்ககிட்ட நல்ல உருண்டையே கிடையாது," என்றாள் அவள். "ஒண்ணுக்காவது முள் ஏறட்டும், இப்பவே வேலையை விட்டுப் போயிருதேன்."

குலசேகரனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தன் வேனில் இருந்த பெட்டியைத் திறந்தார். மேலே இருந்த உருண்டைகளை ஒதுக்கித் தள்ளி, அடியில் கையை விட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பிலோமி அதை டெஸ்டரில் மாட்டி அடித்தாள்; முள் சரசரவென்று ஏறி நின்றது.

"பாத்தியா? கிளம்பு."

"அப்ப டெஸ்டர் சரியாத்தான் சொல்லுதா அண்ணாச்சி?"

"கண்ணு தெரியலையா? முள் நிக்குதுல்ல."

பிலோமி கையைத் துடைத்துக்கொண்டு, "தோத்துட்டேன், போறேன்," என்றாள்.

"இரு," என்றார் மிக்கேல். "பெட்டியில மேலே கிடக்கிறதையும் மாட்டிப் பாத்துட்டுப் போ."

வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. அவசரத்தில் அண்ணாச்சி அந்த ஒரு நல்ல உருண்டையை டெஸ்டரிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்.