பீரங்கி மேல் ஏறிய குரங்கு

மனிதர்கள் காட்டுக்குள் வந்து ஒரு வருஷம் சண்டை போட்டார்கள். எதற்கு என்று கேட்காதீர்கள், அவர்களுக்கே தெரியாது. ஒருநாள் அலுத்துப்போய், கொண்டுவந்ததையெல்லாம் அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

மிருகங்களுக்குக் கொண்டாட்டம். கவிழ்ந்து கிடந்த இரும்புத் தொப்பியை நிமிர்த்தி வைத்து, கவுதாரி அதில் முட்டையிட்டது. தோட்டாப் பெட்டிக்குள் கீரி குடிபுகுந்தது. கிளையில் சிக்கிக் கிடந்த பாராசூட்டின் நிழலில் மான்கள் மத்தியானம் தூங்கின.

குளக்கரையில் ஒரு பீரங்கி நின்றது. அதன்மேல் மொட்டையன் என்ற குரங்கு ஏறி உட்கார்ந்தது. அன்றிலிருந்து தன்னைத் தளபதி என்றுதான் கூப்பிட வேண்டும் என்று உத்தரவு போட்டது. மற்றவர்களைப் பார்த்தால் அதற்குப் பொறுக்கவில்லை. வீரர்களின் தொப்பியில் முட்டையா, மானங்கெட்ட ஜென்மங்களே என்று ஏசியது. ஆயுதத்தை ஆயுதமாக வைத்திருக்கத் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று மார்தட்டியது. இனிமேல் குளத்தில் தண்ணீர் குடிக்க வேண்டுமானால் ஆளுக்கொரு பழம் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் சுட்டுப் பொசுக்கிவிடுமாம்!

உனக்குச் சுடத் தெரியுமா என்று ஒருத்தராவது கேட்க வேண்டுமே? ம்ஹும். எல்லாம் வரிசையில் நின்று பழத்தை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தன. அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு யானை, துதிக்கையைத் தூக்கி சலாம் வேறு போட்டது. வெட்கக்கேடு.

கோடை வந்தது. மரங்களில் பழம் தீர்ந்துபோனது. வெண்ணி என்ற முயலின் குட்டிக்குக் கடுங்காய்ச்சல். நாக்கு வறண்டு, கண் செருகிக் கிடந்தது. சிப்பாய்கள் வீசிவிட்டுப் போன தகரக் குவளையைக் கவ்விக்கொண்டு வெண்ணி குளத்துக்கு ஓடிவந்தது.

"பழம் எங்கே? குழாய் உன்னைத்தான் பார்க்குது, தெரியுதா?" என்றது குரங்கு.

வெண்ணி குவளையைக் கீழே வைத்தது. "பழம் இல்லண்ணே. பிள்ளை செத்துக்கிட்டிருக்கு. சுடுறதா இருந்தா சுடுங்க, நான் தண்ணி எடுக்கத்தான் போறேன்."

சொன்னபடி தண்ணீரில் இறங்கியது. குரங்குக்கு வேர்த்தது. எதை அமுக்குவது, எதை இழுப்பது? ஒன்றும் தெரியாமல் இரும்பைத் தடதடவென்று தட்டி, வாயாலேயே "டமால்!" என்று கத்தியது.

பீரங்கிக் குழாயிலிருந்து ஒரு அணில் தலையை நீட்டியது. மீசையெல்லாம் பஞ்சு.

"சத்தம் போடாதீங்கண்ணே. பிள்ளைங்க இப்பத்தான் கண் அசந்திருக்கு."

வெண்ணி குவளையை நிரப்பிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் ஓடியது. சாயங்காலம் குட்டி எழுந்து உட்கார்ந்து புல் கேட்டது.

குளக்கரையில் நின்ற மிருகங்களெல்லாம் அன்று சிரித்த சிரிப்பில் மொட்டையன் பக்கத்துக் காட்டுக்கே போய்விட்டது. முதலில் சிரித்தது யானைதான். தனக்கு இது ரொம்ப நாளாகவே தெரியும் என்றும் சொல்லிக்கொண்டது. அதுவும் பொய்.

மிரட்டுகிறவனிடம் உண்மையில் என்ன இருக்கிறது என்று பாராமல் கும்பிடுகிறவர்களை, வெறும் இரும்புக் குழாய்கூட ஆட்டிவைக்கும்.