காட்டு வீட்டு நிலைவாசல்

ஒரே ஒரு ஊர்ல செங்கமலம்னு ஒருத்தி இருந்தா. புருசன் செத்துப்போனதால, மக அல்லியைக் கூட்டிக்கிட்டு அண்ணன் வேங்கடப்பன் வீட்ல இருந்தா. ஒருநாள் கடுக்காய் பொறுக்கக் காட்டுக்குள்ள போனா, போனா, போய்க்கிட்டே இருந்தா. அங்க ஒரு பெரிய மாளிகை இடிஞ்சு கிடக்கு. கூரை இல்ல. சுவரையெல்லாம் ஆலவேர் கவ்வியிருக்கு. தேக்கு நிலைவாசல் மட்டும் நேத்து வச்சது மாதிரி நிக்குது. அதுக்கு முன்னாடி ஒரு கோலம், ஈரம்கூடக் காயல.

ஆளே இல்லாத வீட்ல யாரு கோலம் போட்டா, நீங்களே சொல்லுங்க. செங்கமலம் அங்க நிக்கல. கோலத்தை மிதிக்காம ஒதுங்கி, கும்பிட்டுட்டு ஓடியாந்தா. வந்தவ வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கக் கூடாதா? அண்ணன்கிட்ட சொல்லிட்டா.

அவன் அப்பத்தான் புதுவீடு கட்டிக்கிட்டிருந்தான். உடனே வண்டியைப் பூட்டினான்.

"விழுந்த வீட்டு மரம் வாழுற வீட்டுக்கு ஆகாதுண்ணே."

"யார் வீட்டு மரம்னு மரத்துக்குத் தெரியுமா? போடி அங்கிட்டு."

கோலத்தை மிதிச்சு, நிலையைப் பேத்துக் கொண்டாந்து தன் வீட்டுக்கு வச்சான். குடிபோற வரைக்கும் அதைத் தாண்டக் கூடாதுன்னு எல்லாரும் பின்வாசல் வழியாவே போனாங்க, வந்தாங்க.

மறுநாள் விடிஞ்சா, யாரும் போடாத கோலம் அந்த வாசல்ல இருக்கு. கோழி ஒண்ணு நிலையைத் தாண்டிப் போச்சு, வரல. கோழியைத் தேடி நாய் போச்சு, அதுவும் வரல. நாயைத் தேடி அல்லி போனா. செங்கமலம் பின்பக்கமா ஓடிப் பார்த்தா, வீடு வெறிச்சுன்னு கிடக்கு.

பிள்ளை எங்க போயிருக்கும்னு அவளுக்குப் புரிஞ்சுபோச்சு. காட்டுக்கு ஓடி, இடிஞ்ச சுவர் வழியா எட்டிப் பார்த்தா. அல்லி கோழியை மடியில வச்சு உக்காந்திருக்கா. யாரோ அவளுக்குத் தலை வாரி, தாழம்பூ வச்சுப் பின்னி விட்டிருக்காங்க.

"வா கண்ணு, போகலாம்."

"வாசல் இல்லாத வீட்ல இருந்து நீ எப்படிப் போவேன்னு கேக்குறாங்கம்மா."

"யாரு கேக்குறா?"

"உன் பக்கத்துல நிக்கிறாங்களே, அவங்கதான்."

செங்கமலம் திரும்பிப் பார்க்கல. ஒரே ஓட்டமா அண்ணன்கிட்ட வந்தா.

"நிலையைக் கழட்டுண்ணே, என் பிள்ளை வரணும்."

"உன் பிள்ளை உள்ளதான் ஒளிஞ்சிருக்கும். அதுக்காக வச்ச நிலையைக் கழட்டுவாங்களா? இரு, காதைப் பிடிச்சு இழுத்தாறேன்."

கோலத்து மேலயே நடந்து உள்ள போனான். போனவன் வரல.

அவ கடப்பாரையை எடுத்தா. கொத்தனாருங்க கைகொடுக்க நிலையைப் பேத்தா, வண்டியில ஏத்தினா, பழைய இடத்துலயே கொண்டுபோய் நட்டா. நட்டதுமே அதுக்கு முன்னாடி ஈரக்கோலம் வந்துருச்சு. கோழி வந்துச்சு, நாய் வந்துச்சு, அல்லி வந்தா. கடைசியா வேங்கடப்பன் நிலைவரைக்கும் வந்தான், ரெண்டு கையாலயும் ஒரு வெங்கலக் குத்துவிளக்கை அணைச்சுக்கிட்டு.

"அதை வச்சிட்டு வாண்ணே."

"இவ்வளவு தூரம் வந்துட்டு வெறுங்கையோட வரவா?"

சொல்லிக்கிட்டே கோலத்து மேல காலை வச்சான். வச்ச காலும் தெரியல, ஆளும் தெரியல.

இன்னைக்கும் விடியக்காலையில அங்க ஈரக்கோலம் இருக்குமாம். உள்ள இருந்து ஒரு ஆம்பிளைக் கால்தடம் நிலைவரைக்கும் வந்து, அப்படியே திரும்பிப் போயிருக்குமாம்.

அடுத்தவங்க வாசலைப் பேத்தவனுக்குத் தன் வாசல் கிடைக்காது. கதை முடிஞ்சுது. யாராச்சும் போய்த் தாழ்ப்பாள் போட்டிருக்கான்னு பாத்துட்டு வந்து படுங்க.