வக்கீல் எண்ணெய் மாற்றினார்

"எனக்கு ஏன் இன்னும் தீட்சை தரலை?" என்று கேட்டார் சபாநாயகம்.

ஆசிரமத்தின் குரு கமலவேணி அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எனக்கப்புறம் வந்தவங்களுக்கெல்லாம் ஆயிடுச்சு. என்கிட்ட என்ன குறை?"

"நீங்களே சொல்லுங்க வக்கீலய்யா."

சபாநாயகம் அம்மாவைவிட மூத்தவர். கிரிமினல் வழக்குகளில் பெயர் வாங்கியவர். மனைவி இறந்தபின் வீட்டைப் பூட்டிச் சாவியை மகளிடம் கொடுத்துவிட்டு ஆசிரமத்துக்கு வந்தவர்.

"ஆசை போயிடுச்சு. கோபம் குறைஞ்சிடுச்சு. சாவுக்குக்கூட பயம் இல்லை."

"அப்படியா?"

"அப்படித்தான்."

"சாட்சி?"

வக்கீலுக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை.

அம்மா ஒரு தண்டை ஒடித்துப் போட்டார்.

"இன்னிக்கு என்ன வேலை?"

"வண்டிக்கு எண்ணெய் மாத்தணும்."

ஆசிரமத்து வண்டி, பக்தர் ஒருவர் வெளிநாடு போகும்போது விட்டுச் சென்ற பெரிய கார். மற்ற வண்டிகளுக்கு இருப்பதுபோல அதற்குக் கம்பிச் சுருள் கிடையாது. அழுத்தத்தில் அடைபட்ட எண்ணெய்தான் அதைச் சக்கரங்களுக்கு மேல் தூக்கிப் பிடிக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் வண்டி எழும்பும். இன்னொன்றை அழுத்தினால் தாழும்.

சில வாரங்களாக அது காலையில் ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. எண்ணெய் கெட்டுவிட்டது என்றார்கள். ஊர் மெக்கானிக்குகள் கைவைக்க மறுத்தார்கள். வெள்ளைக்காரர் ஒருவர் தன் வீட்டு வாசலிலேயே எண்ணெயை மாற்றுவதை வக்கீல் செல்போனில் பார்த்தார். சென்னையிலிருந்து புது எண்ணெய் வரவழைத்தார்.

"விபூதி பூசிக் கொடுங்கம்மா," என்றார்.

அம்மா எழுந்து வந்து வண்டியின் நெற்றியில் மூன்று விரலால் பூசினார். மறுபடி கீரைக்குப் போய்விட்டார்.

•

கொட்டகையில் வக்கீல் பொத்தானை அழுத்தினார். வண்டி முனகியபடி முழு உயரத்துக்கு எழும்பியது.

சமையல்காரர் பொன்னுரங்கம் கரண்டியோடு வந்து நின்றார்.

"ஜாக்கி வைக்கலையா?"

"அதுவே எழும்பி நிக்குதேய்யா. ஜாக்கி எதுக்கு?"

"அந்த வெள்ளைக்காரன் நாலு பக்கமும் முட்டு குடுத்திருந்தானே. நானும்தான் எட்டிப் பார்த்தேன்."

"அவனுக்கு அம்மா கிடையாது. நமக்கு இருக்காங்க."

"அம்மா இங்க இருக்காங்க. வண்டியும் இங்க இருக்கு. நடுவுல நீங்கல்ல படுக்கப்போறீங்க?"

"உன் சாம்பார் தீயுது. போ."

பொன்னுரங்கம் போனார். சமையலறைப் பக்கம் போகவில்லை.

வக்கீல் பிளாஸ்டிக் தட்டத்தை உள்ளே தள்ளிவிட்டு, மல்லாந்து படுத்து, ஸ்பேனரோடு நகர்ந்து உள்ளே போனார். திருகு கைக்கு எட்டியது. இறுகிக் கிடந்தது.

பக்கத்தில் காலடிச் சத்தம் கேட்டது.

"யாரு?"

"நான்தான்."

"அம்மாவா? எழுந்திருக்க முடியலை, மன்னிக்கணும். இந்தத் திருகைத் தளர்த்தினா பழசு எல்லாம் இறங்கிடும். அப்புறம் புதுசு ஊத்திடலாம்."

"அது இறங்கறப்போ நீங்க எங்க இருப்பீங்க?"

"இங்கதான்."

"பயமா இல்லையா?"

"அம்மா விபூதி பூசின வண்டி. ஒண்ணும் ஆகாது."

அம்மா முந்தானையை இழுத்துச் செருகினார். தரையில் உட்கார்ந்தார். படுத்தார். நகர்ந்து நகர்ந்து உள்ளே வந்து வக்கீலின் தோளருகே தோள் வைத்தார்.

வக்கீல் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"என்னம்மா இது?"

"நானும் பார்க்கறேன். எந்தத் திருகு?"

"வெளிய போங்கம்மா."

"ஏன்?"

"புடவை அழுக்காகும்."

"துவைச்சுக்கலாம்."

"எண்ணெய் கண்ணுல தெறிக்கும்."

"மூடிக்கறேன்."

"இடம் பத்தாது."

"அப்போ நீங்க போங்க."

நாற்பது வருஷம் வாதாடியவர் வாதத்தை விட்டார். தான் வெளியேறினால் அம்மாவும் வந்துவிடுவார் என்று நினைத்தார். அவசரமாக நகர்ந்து வெளியே வந்தார்.

அம்மா வரவில்லை. வண்டிக்கு வெளியே தெரிந்தது அவருடைய பாதங்கள் மட்டும்தான்.

"ஸ்பேனரை இங்கயே விட்டுட்டீங்க," என்றது உள்ளிருந்து குரல்.

"அதைத் தொடாதீங்க."

"இதுதானே திருகு? ஈரமா இருக்கு."

"அம்மா, வேண்டாம்."

"ஒண்ணும் ஆகாதுன்னீங்களே?"

"அது என் விஷயம்மா."

"விபூதி ஒண்ணுதானே?"

இரும்பு இரும்பில் பொருந்தும் சத்தம் கேட்டது.

"வண்டி இறங்கிடும்!" என்றார் வக்கீல். எந்தக் கோர்ட்டிலும் அவர் அப்படிக் கத்தியதில்லை.

"ஓ," என்றார் அம்மா. "உங்களுக்கு அது தெரியுமா?"

திருகு கிறீச்சிட்டது. பச்சை எண்ணெய் நூலாக இறங்கித் தட்டத்தில் விழுந்தது.

அந்த ஆசிரமத்தில் அம்மாவின் பாதத்தை யாரும் தொடுவதில்லை. தள்ளி நின்று விழுந்து கும்பிடுவதோடு சரி.

வக்கீல் இரண்டு கணுக்கால்களையும் பிடித்து, தன் உடம்பு முழுவதும் பின்னால் சாய இழுத்தார். புடவை கிழிந்தது. முதுகு மண்ணில் தேய்ந்தது. இடுப்பு வந்தது, தோள் வந்தது, கடைசியாகத் தலை வந்தது.

உஸ் என்று ஒரு சத்தம்.

வண்டி உட்கார்ந்தது.

உள்ளே தட்டம் நொறுங்கியது. எண்ணெய் சீறி வந்து வக்கீலின் வேட்டியை முழங்கால்வரை நனைத்தது. வண்டியின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருந்தது. அம்மாவின் கூந்தல் நுனி அதற்குள் ஏதோ இரும்பில் சிக்கியிருந்தது.

கொட்டகை வாசலில் பொன்னுரங்கம் நின்றிருந்தார்.

அம்மா தலையை ஒருமுறை வெடுக்கென்று இழுத்தார். கூந்தல் விடுபட்டது. கொஞ்சம் உள்ளேயே தங்கிவிட்டது. எழுந்து உட்கார்ந்து முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"நிஜமாவே திருகிட்டீங்களே," என்றார் வக்கீல். "நான் இழுக்காம இருந்திருந்தா?"

"நீங்க உள்ள இருந்திருந்தா யார் இழுத்திருப்பாங்க?"

வக்கீல் அந்த நான்கு விரல் இடைவெளியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் முன்னால் தன் மார்பு இருந்த இடம் அது. மகளின் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டார். பிறகு அழ ஆரம்பித்தார்.

"பயமா இருக்கா?"

"இருக்கு."

"எவ்வளவு?"

"சொல்லத் தெரியலைம்மா."

"முதல்ல என் காலை விடுங்க," என்றார் அம்மா. "போய்க் குளிச்சிட்டு வாங்க. மந்திரம் சொல்லித் தரேன்."