மோர் கொட்டிய ஞாயிறு

சுடலைமுத்து பூக்கடையில் மாலை கட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை மடத்துக்கு வந்து, அங்கே குருவாக இருக்கும் குருவம்மாவுக்குக் கூடமாட வேலை செய்வான். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான். ஆனாலும் அவர் சொன்னால் அவனுக்கு வேதவாக்கு.

அன்று உச்சி வெயில். வருகிறவர்களுக்கு ஊற்ற, மோர் அண்டாவை ஆளுக்கொரு காதாகப் பிடித்து வாசலுக்குத் தூக்கிப் போனார்கள். வழியில் அவன் பேச்சை எடுத்தான்.

“அம்மா, எனக்கு முடக்குவாதம். காலையில விரலு மடங்காது. வெயிலு ஏறுனாதான் வழிக்கு வரும். இது தீராது, கூடவேதான் இருக்கும்னு டாக்டரு சொல்லிட்டாரு.”

“முதலாளிக்குத் தெரியுமா?”

“சொல்லலம்மா. லேட்டாப் போறப்பல்லாம் பஸ்ஸு வரல, பிள்ளைக்குக் காய்ச்சல்னு சமாளிக்கேன். சொன்னா வேலையை விட்டு நிறுத்திருவாரு. வீட்டுல நாலு வயிறு இருக்கு. சொல்லட்டுமா, வேண்டாமா?”

குருவம்மா வாய் திறக்குமுன் அவர் பிடித்திருந்த காது நழுவியது. அண்டா கவிழ்ந்தது. தம்ளரோடு நின்றவர்கள் பார்த்துக்கொண்டே நிற்க, அன்றைய தாகம் எறும்புகளுக்குத் தீர்ந்தது.

“கை மரத்துப்போச்சு. திடீர்னு இப்படித்தான் விட்டுரும். அஞ்சாறு வருஷமா இருக்கு.”

“முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?”

“சொன்னா என்ன செஞ்சிருப்ப?”

“ரெண்டு வாளியில ஊத்தி நானே கொண்டாந்திருப்பேன். நீங்க மோந்து குடுத்தாப் போதும்.”

“இவளுக்கு ஏலாதுன்னு ஒதுக்கியிருக்க மாட்டியா?”

“உங்களையா? நல்லாக் கேட்டீங்க!”

சொன்னதும் அவனுக்கே உறைத்தது. அண்டாவை நிமிர்த்திக்கொண்டே மெல்லக் கேட்டான்.

“முதலாளி நிறுத்திட்டா?”

“நிறுத்தினாலும் நிறுத்துவாரு. இங்க சோறு இருக்கு, வா.”

அடுத்த ஞாயிறு மல்லிகைச் சரத்தோடு வந்தான். கண் கலங்கியிருந்தது.

“சொல்லிட்டேம்மா. காலையில நான் தடுமாறுறதைப் பாத்து, குடிச்சிட்டு வாரேன்னு நினைச்சிருக்காரு. இந்த மாசத்தோட நிறுத்தறதா இருந்தாராம். இப்ப மதியத்துக்கு மேல வந்தாப் போதுங்காரு. சாயங்கால மாலை பூரா என் பொறுப்பு. ‘இதை முன்னாலயே சொல்லியிருந்தா உன்னைத் தப்பா நினைச்சிருக்க மாட்டேனேடா’ன்னு அவரு கண்ணுலயும் தண்ணி.”

சரத்தை அவர் முன்னால் வைத்தான்.

“ஒரு அண்டா மோரைக் கொட்டிப் பாடம் சொன்னீங்களே, இதை நான் எப்படி மறப்பேன்!”

காலில் விழப்போனவனைக் குருவம்மா தடுத்தார்.

“பாடமாவது! கை நிஜமாவே விட்டுருச்சுப்பா. மடத்துல ஒருத்தருக்கும் நான் சொன்னதில்ல. குருவுக்கே கை விளங்கலையான்னு பேசுவாங்களோன்னு பயம். நீ அன்னைக்கு ‘உங்களையா’ன்னு கேட்ட பாரு, அதைக் கேட்ட தைரியத்துலதான் மறுநாள் சமையக்கட்டுல எல்லார்கிட்டயும் சொன்னேன்.”

வாசலில் ஆட்கள் காத்திருந்தார்கள். சுவர் ஓரம் அண்டா இல்லை, இரண்டு வாளிகளில் மோர் இருந்தது. குருவம்மா இடது கையில் அகப்பையை எடுத்துக்கொண்டார்.

“நான்தான்பா உனக்கு நன்றி சொல்லணும். வாளியைத் தூக்கு, நான் மோந்து குடுக்கேன்.”