செவலை கிளறிய அருகு

அந்தக் காலத்தில் கோழிக்கும் வாய் இருந்தது, புல்லுக்கும் வாய் இருந்தது. மனுசரோடு சரிக்குச் சரி உட்கார்ந்து பேசின. இத்தனை வாய் இருந்தும் பேச வேண்டிய நேரத்தில் ஒரு வாய் திறக்கவில்லை. அந்த வயிற்றெரிச்சல்தான் இந்தக் கதை.

அப்போதெல்லாம் கோழி மண்ணைக் கிளறாது. கண்ணில் பட்டதைக் கொத்தும், அவ்வளவுதான். கால் இருந்தது நடப்பதற்கு மட்டும்.

கரிசல் காட்டுக்கு நடுவில் ஒரு குடிசை. அதில் சடைச்சி என்று ஒருத்தி இருந்தாள். புருசன் ஒச்சன் ஆட்டுக்கிடை போடப் போனால் மாதக்கணக்கில் திரும்ப மாட்டான். பிள்ளையும் இல்லை. அவளுக்குப் பேச்சுத்துணை செவலை என்கிற கோழிதான். குடிசைச் சுவரை ஒட்டிய முற்றத்தில் உடைமுள்ளால் வேலி கட்டி, அதற்குள் செவலையை விட்டிருந்தாள். காலையில் கம்பு இறைக்கப் போனால் ரெண்டு பேரும் ஊர்க்கதை பேசியே வெயிலை ஏற்றிவிடுவார்கள்.

கரிசல் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மழை போதும், களி மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஐப்பசியில் செவலை பொரித்த முதல் ஈட்டுக் குஞ்சுகளுக்குக் காலெல்லாம் சேறு உருண்டை கட்டிவிட்டது. தூக்கி வைக்க முடியாமல் நின்ற இடத்திலேயே விறைத்து, பதினொன்றும் செத்துப்போயின. ஐயோ, அதைப் பார்த்த சடைச்சி மூன்று நாள் உலை வைக்கவில்லை.

செவலை மறுபடியும் அடைக்கு உட்கார்ந்தபோது, "இந்தத் தடவை தரையைச் சரி பண்ணாம விடமாட்டேன்டி" என்று சடைச்சி முந்தானையை இழுத்துச் செருகினாள்.

முதலில் ஓடையிலிருந்து மணல் சுமந்து கொட்டினாள். பகல் வெயிலில் மணல் காய்ந்து செவலையின் பாதத்தைப் பொசுக்கியது. அள்ளி வெளியே போட்டுவிட்டு வைக்கோல் பரப்பினாள். ஒரு தூறலுக்கே அது ஊறிப் பூஞ்சை பூத்தது. செவலை அடையில் உட்கார்ந்தபடியே தும்மித் தும்மி, "அக்கா, என்னைக் கொன்னுப்புடாதே தாயி" என்றாள். சரளைக் கல்லைப் போட்டுப் பார்த்ததில் அதுவும் காலைக் குத்தியது.

முட்டை வெடிக்க இன்னும் பத்து நாள்தான் இருந்தது. சடைச்சி ஓடைக்கரைக்குப் போய், அங்கே படர்ந்திருந்த அருகம்புல்லின் முன்னால் குத்த வைத்தாள்.

"அருகு, நீ வந்து எங்க கோழி முத்தத்துல படுத்துக்கிடணும். சேறு மேல வராமப் பாத்துக்கிடணும். உனக்கு நான் தண்ணி ஊத்துறேன்."

அருகு கொஞ்சம் யோசித்தது. "வாரேன் தாயி. மேல மேயட்டும், கொத்தட்டும், அதுக்கெல்லாம் அசர மாட்டேன். ஆனா என் வேரு வெளிச்சத்தைப் பாக்கக் கூடாது. பாத்துச்சுன்னா அந்த முத்தத்துல எனக்கு இருப்பில்லை."

சடைச்சி வந்து சொன்னதும் செவலை விழுந்து விழுந்து சிரித்தாள். "வேரைத் தோண்ட நான் என்ன பன்னியா? சத்தியம்க்கா, தோண்ட மாட்டேன்."

அருகு வந்து படர்ந்தது. பத்தே நாளில் முற்றம் பச்சைப்பசேல் என்று ஆனது. அதன்மேல்தான் பத்துக் குஞ்சுகளும் முதல் அடி வைத்தன. நடுவில் ஒரு மழையும் பெய்தது. ஒரு குஞ்சின் காலிலும் ஒரு துளி சேறு இல்லை. சடைச்சி வேலிக்கு வெளியே நின்று பார்த்து அழுதேவிட்டாள், சந்தோசத்தில்.

சந்தோசம் கூடினால் சிலருக்குக் கை சும்மா இருக்காது. சடைச்சி குஞ்சுகளை ஓயாமல் எடுப்பதும், மடியில் கட்டுவதும், வாயில் நொய் ஊட்டுவதுமாக இருந்தாள். செவலைக்கு எரிச்சலாக வந்தது. ஒருநாள் காலையில் பொறுக்க மாட்டாமல், "அக்கா, பெத்தவ நான் இருக்கேன்ல? ஆசையா இருந்தா நீ ஒன்னைப் பெத்துக் கொஞ்சு" என்று சொல்லிவிட்டாள்.

சொன்னதும் செவலைக்கே தூக்கிவாரிப் போட்டது. சொன்னதைத் திருப்பி விழுங்கவா முடியும்? சடைச்சி கையிலிருந்த கம்பைக் கீழே கொட்டிவிட்டு உள்ளே போனாள். இவளுக்காகவா மணல் சுமந்தோம் என்று இருந்தது.

உச்சிப்பொழுதில் அவள் வெளியே வந்தபோது, கடைக்குட்டிக் குஞ்சு தண்ணீர்ச் சட்டிக்குள் விழுந்து தத்தளித்துக்கொண்டிருந்தது. செவலை மற்ற ஒன்பதோடும் அந்தக் கோடியில் இருந்தாள், கவனிக்கவில்லை. சடைச்சி குஞ்சைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். முற்றத்துச் சுவரை ஒட்டிய அடுப்போரம் பாதி மண்ணில் புதைந்த பழைய பானை ஒன்று உண்டு. அதற்குள் பஞ்சை வைத்து, ஈரம் துடைத்த குஞ்சை இறக்கினாள். கணகணப்பில் அது கண் திறந்தது.

செவலையிடம் சொல்ல எழுந்தவள், வாசல் வரைக்கும் போய் நின்றுவிட்டாள். காலையில் கேட்ட பேச்சு நினைவுக்கு வந்தது. தேடட்டும், கொஞ்ச நேரம் தவிக்கட்டும் என்று திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

சற்று நேரத்தில் செவலை வாசலுக்கு ஓடி வந்தாள். "அக்கா, சின்னதைக் காணோம்க்கா. பாத்தியா?"

சடைச்சி அடுப்பை ஊதிக்கொண்டே, "உன் பிள்ளைய நீதான பாத்துக்கிடணும்" என்றாள்.

படுபாவி, அப்போதாவது சொல்லியிருக்கலாம். பானை அவள் முழங்கையை ஒட்டித்தான் இருந்தது.

செவலை முற்றத்துக்கு ஓடினாள். சுவரோரம் வந்தபோது காலுக்கடியிலிருந்து 'கீச்' என்று ஒரு சத்தம். பானைக்குள் கத்திய குஞ்சின் குரல் மண்ணோடு மண்ணாக வந்து அருகுக்கு அடியில் கேட்டது.

"அருகு! என் பிள்ளை உன் அடியில கெடக்கு!"

"என்கிட்ட இல்ல தாயி. சத்தியமா இல்ல. சத்தம் சுவருக்கு அந்தாண்ட இருந்து வருது."

"பொய் சொல்லாதே! அந்தாண்ட அக்கா இருக்கா. பிள்ளை அங்க இருந்தா அவ சொல்லியிருக்க மாட்டாளா?"

அப்படி நம்பினாள் அவளை. நம்பித்தான் காலைத் தூக்கினாள். வலக்காலால் ஒரு இழுப்பு, இடக்காலால் ஒரு இழுப்பு. பின்னால் ஒரு எட்டு நகர்ந்து குனிந்து பார்த்தாள். குஞ்சு இல்லை. மறுபடியும் கிளறினாள். வேரெல்லாம் வெள்ளை வெளேர் என்று மேலே வந்து விழுந்தது. "வேண்டாம் தாயி, வேண்டாம்" என்று அருகு கெஞ்சியது அவள் காதில் ஏறவேயில்லை.

வெளியே ஏதோ பிறாண்டும் சத்தம் கேட்டுச் சடைச்சி எட்டிப் பார்த்தாள். பானையிலிருந்த குஞ்சை மடியில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

"செவலை, நிறுத்துடி! இந்தா இருக்கு, என்கிட்டதான் இருக்கு!"

முற்றத்தில் ஒரு முழம் பச்சைகூட மிச்சம் இல்லை. செவலை குஞ்சைப் பார்த்தாள், அவிழ்ந்துகிடந்த வேரைப் பார்த்தாள், கடைசியில் சடைச்சியைப் பார்த்தாள்.

"உன்கிட்டதான் இருந்துச்சா?" என்று கேட்டாள். அவள் மனுசரோடு பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

சாயங்காலமே மழை பிடித்தது. சடைச்சி குஞ்சுகளை உள்ளே கொண்டுபோக ஓடி ஓடி வந்தாள். கிட்டே நீட்டிய கையைச் செவலை ரத்தம் வரக் கொத்தினாள். காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் ஒரு குஞ்சைத் தொட விடவில்லை. ஒன்பதையும் இறக்கைக்குள் இழுத்துக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்திருந்தாள். மூன்று நாள் கழித்து மழை விட்டபோது இறக்கைக்கு அடியில் ஒன்றும் அசையவில்லை. பிழைத்தது சடைச்சி திரும்பக் கொண்டுபோய்ப் பானையில் விட்ட கடைக்குட்டி மட்டும்தான்.

அதற்கப்புறம் செவலை நாளெல்லாம் மண்ணைக் கிளறினாள். அருகின் ஒரு கணுவாவது கிடைத்தால் மன்னிப்புக் கேட்டு நட்டுவைக்கலாம் என்று தேடினாள். தப்பித் தவறி முளைத்ததையும் அந்தக் கிளறலே கொன்றது. தாயைப் பார்த்துக் கடைக்குட்டியும் கிளறக் கற்றுக்கொண்டது. ஓடைக்கரைக்குத் திரும்பிப்போன அருகு, இனி ஒரே வேரை நம்புவதில்லை என்று கணுவுக்குக் கணு வேர் விட்டுக்கொண்டது.

சடைச்சி தினமும் வேலியோரம் வந்து கம்பை இறைத்துவிட்டு, அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்வதுபோல், "பிள்ளை என்கிட்டதான் இருக்கு செவலை, என்கிட்டதான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே நிற்பாள். சாகிற வரைக்கும் சொன்னாள். செவலை கம்பைக் கொத்தினாளே தவிர, தலை நிமிரவில்லை.

கோழி வளைய வரும் முற்றத்தில் புல் தங்காமல் போனதும், ரெண்டு இழுப்பு இழுத்துவிட்டு ஒரு எட்டுப் பின்னால் போய்க் கோழி குனிந்து பார்ப்பதும் அன்று முதல்தான். குஞ்சைத் தூக்க நாம் ஆசையாகக் குனிந்தால் சிலிர்த்துக்கொண்டு பாய்கிறதே, அதுவும் அன்று முதல்தான்.