வெள்ளச்சியின் ரத்தம்

சீடருக்குத் தலை நரைத்திருந்தது. குருவுக்கு வீட்டில் அப்போதுதான் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேதநாயகம் பன்றிப் பண்ணை வைத்திருந்தார். கால்நடை மருத்துவர் ஜெசிந்தாள்தான் என் குரு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவார். அந்த மழைக்காலத்தில் அவர் பண்ணைக் குட்டிகள் தேய ஆரம்பித்தன. தீவனம் தின்னும், ஆனாலும் முதுகெலும்பு துருத்தும், தோல் வெளிறும். ஒரு காலையில் எழுந்திருக்காது.

அவரும் தன்னால் ஆனதைச் செய்தார். நோஞ்சான்களைத் தாய்களிடமிருந்து பிரித்தார். மழைக்கு முன் சந்தையில் பரிதாபப்பட்டு வாங்கிவந்து பண்ணையில் திரியவிட்டிருந்த நோஞ்சான்களோடு ஒரே கொட்டிலில் விட்டுக் கஞ்சி ஊற்றினார். அந்தக் கொட்டிலில்தான் சாவு அதிகம்.

செத்த குட்டிகளை ஜெசிந்தாள் ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதித்ததில் இரண்டு வைரஸ்கள் தெரிந்தன. ஒன்று சந்தைக் குட்டிகளோடு வந்தது. இன்னொன்று தாய்ப்பன்றி வெள்ளச்சியின் ரத்தத்திலும் இருந்தது.

வெள்ளச்சியை வெட்ட வேதநாயகம் அறுப்புக்காரரை வரவழைத்துவிட்டார்.

"பெத்தவளே எமனா இருந்திருக்கா, டாக்டரம்மா."

"இருங்க அண்ணாச்சி. இந்தப் பண்ணையிலேயே திடமான குட்டி எது?"

"அந்தா நிக்கான் பாருங்க, அந்தத் தடியன். நேத்து என்னையே தள்ளிவிட்டுட்டான். இவ பெத்ததுதான்."

"அவன் ரத்தத்தையும் பார்த்துட்டேன். இவகிட்ட இருக்கிறது அவன்கிட்டயும் இருக்கு."

அறுப்புக்காரர் சிரித்தார். "அப்ப மொத்தப் பண்ணையையும் அறுக்கணும். நமக்கு ஒரு வாரம் வேலை."

"நீ சும்மா கெடடே!" என்றார் வேதநாயகம். "அவன் ஏன் மெலியல, டாக்டரம்மா?"

"அவன் தாய்கிட்டயே குடிச்சான். சந்தைக் குட்டிகளோட சேரல. ரெண்டு வைரஸும் ஒரே உடம்புல கூடினாத்தான் இந்தக் கதி."

வேதநாயகம் குந்தி உட்கார்ந்தார். வெள்ளச்சி ஒருக்களித்துப் படுத்து, மிச்சமிருந்த குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இவளுக்கு இது எப்ப வந்தது?"

"பிறந்த புதுசுலயே வந்திருக்கலாம்."

"எம்புட்டுப் பெரிசு இருக்கும்?"

"வைரஸ்லயே ரொம்பப் பொடிசு அது. என்கிட்ட இருக்கிற மைக்ராஸ்கோப்புல தெரியவே தெரியாது. இவ உடம்புல எத்தனை லட்சமோ."

அவர் வெள்ளச்சியின் விலாவில் கை வைத்தார். அது மெல்ல ஏறி இறங்கியது. கையை எடுக்க அவருக்குத் தோன்றவில்லை.

"அத்தனையும் இத்தனை வருஷமா சும்மாவா இருந்திருக்கு?"

"அதுவா சும்மா இருக்கல, அண்ணாச்சி," என்றாள் ஜெசிந்தாள். "இவதான் தினமும் அடக்கி இருக்க வச்சா."