சொல்லின் மேல் ஒரு பொட்டு

கிட்ட வந்து உட்காருங்கள். சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை இது. சமையல்காரி கொளஞ்சி பாடம் படித்த கதை.

கொளஞ்சிக்கு நாற்பத்தாறு வயசு. விருத்தாசலம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் இருபது வருசமாகச் சமையல். பத்தாம் வகுப்பு தேறிவிட்டால் சத்துணவு அமைப்பாளர் வேலைக்கு எழுதிப் போடலாம். இரண்டு தடவை பரிட்சை எழுதினாள். இரண்டு தடவையும் தமிழில் விழுந்தாள். இந்த வருசமும் விட்டால் வயசு தாண்டிவிடும்.

அவளுக்குக் குரு யார் தெரியுமா? அவள் கையால் சோறு வாங்கித் தின்று வளர்ந்த சிந்துஜா. இப்போது அதே பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

"பேர் சொல்லிக் கூப்பிடுங்க ஆயாம்மா, கூச்சமா இருக்கு."

"அதெப்படி? முட்டை திருடித் தின்ன வரைக்கும் சிந்து. சாக்பீஸ் புடிச்சதுக்கு அப்புறம் டீச்சர்."

கைடில் இருந்த கடினச் சொற்கள் இருநூறையும் ஒரு தாளில் எழுதி, அரிசி டிரம் மூடியில் ஒட்டி வைத்திருந்தாள் கொளஞ்சி. சாம்பார் கொதிக்கும்போது சொல்லும் பொருளும் அவள் வாயில் கொதிக்கும். எதைக் கேட்டாலும் தயங்காமல் சொல்லுவாள்.

ஒருநாள் சாயங்காலம், பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தான பிறகு, சிந்துஜா ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். பாலைவனச் செடிகளைப் பற்றியது. இரண்டு வரி நன்றாகத்தான் போனது. மூன்றாவது வரியில் விரல் நின்றுவிட்டது.

"என்ன ஆயாம்மா?"

"இந்த வார்த்தை நம்ம டிரம்முல இல்ல டீச்சர்."

"பரவால்ல, மேல போங்க."

"எப்படிப் போறது? அரிசி களையறப்போ கல்லு தட்டுப்பட்டா, அதை எடுக்காம மேல போனவளே இல்ல நான். புள்ளைங்க பல்லு என்னாவறது?"

சிந்துஜா அவள் முகத்தைப் பார்த்தாள்.

"போன பரிட்சையிலயும் இப்படித்தானா?"

"அஞ்சாவது வரியில ஒரு கல்லு. மணி அடிக்கிற வரைக்கும் அதையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "மொத்தம் எத்தனை வார்த்தைதான் டீச்சர் இருக்கு? கணக்கைச் சொல்லிடு. அத்தனையும் மனப்பாடம் பண்ணிடறேன்."

சிந்துஜா தன் நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை உரித்தாள். அந்தச் சொல் மறையும்படி அதன் மேல் ஒட்டினாள்.

"இப்போ முதல்லேருந்து படிங்க."

"பாலைவனச் செடிகளின் இலைகள் சிறுத்து முள்ளாகியிருக்கும். தண்டு தடித்துத் தண்ணீரைச் சேர்த்து வைக்கும். இந்தப்... பொட்டு இல்லாவிட்டால், அவை அந்த வெயிலில் பிழைத்திருக்க முடியாது."

"எது இல்லாட்டி பிழைக்காது?"

"அதான் மேலயே சொல்லியிருக்கே. இருக்கிற எடத்துக்குத் தோதா தன்னை மாத்திக்கிட்டது. வெறகு அடுப்புல கெடந்தவ கேஸ் அடுப்புக்கு மாறிக்கலையா, அதுமாதிரி."

சிந்துஜா பொட்டை எடுத்தாள். அடியில் 'தகவமைப்பு' என்று இருந்தது.

"அட, இதுதானா! இதுக்கா என்னை இந்த மெரட்டு மெரட்டுச்சு?"

சிரித்துவிட்டாள். அப்புறம் சிரிப்பு அடங்கி, மெதுவாகக் கேட்டாள்: "இருந்தாலும் டீச்சர், கல்லைத் தாண்டிப் போறது தப்பில்லையா?"

"கல்லுன்னு யாரு சொன்னா ஆயாம்மா? அது வேகாத பருப்பு. பக்கத்துல இருக்கறதோட சேர்த்து விடுங்க. வெந்துடும்."

கொளஞ்சி டிரம் மூடியில் ஒட்டியிருந்த தாளைத் திரும்பிப் பார்த்தாள்.

எப்போதும் அவள் வைப்பது குங்குமம்தான். பரிட்சைக்குப் போகிற அன்றைக்கு மட்டும் கடையில் நிறுத்தி ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டை வாங்கினாள். பெரிசாக ஒன்றை எடுத்து நெற்றியில் அழுத்திக்கொண்டு உள்ளே போனாள்.

கேள்வித்தாளில் ஒரு பத்தி. 'ஊர் உண்டது போக மிஞ்சிய நெல்லைக் களஞ்சியத்தில் சேர்த்தார்கள். அந்த உபரி...'

விரல் நின்றது. போன தடவை உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்துவிடுவோமோ என்று கடிகாரத்தைப் பார்த்தாள்.

கை நெற்றிக்குப் போனது. பொட்டை உரித்து அந்தச் சொல் மேல் ஒட்டினாள்.

மேற்பார்வைக்கு நின்றவர் பார்த்துவிட்டார். "என்னம்மா அது, கேள்வித்தாள்ல ஒட்டுறீங்க?"

"பருப்பு சார். வேகட்டும்."

அவர் குனிந்து பார்த்தார். வெறும் பொட்டுதான். ஒன்றும் விளங்காமல் நகர்ந்து போனார்.

கொளஞ்சி முதல் வரிக்குத் திரும்பி வந்து, பொட்டைத் தாண்டிப் போனாள். '...தான் மழை பொய்த்த ஆண்டில் ஊரைக் காப்பாற்றியது.' மறுபடி ஒருமுறை படித்தாள். இருபது வருசமாகப் பந்தி முடிந்த பிறகு அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தவள் அவள். எல்லாரும் தின்றது போக மிஞ்சுவது என்னவென்று அவளுக்கா தெரியாது?

பொட்டை எடுத்து நெற்றியிலேயே திரும்ப ஒட்டிக்கொண்டு, பேனாவைத் திறந்தாள்.